ஒன்பது நிமிடம்

மூன்றேகாலுக்கு எலியாசர் எழுகிறான்.
விளக்கைப் போடுவதில்லை.
பூட்ஸைக் கையில் பிடித்தபடி
வாசல்வரை வெறுங்காலில் நடக்கிறான்,
நான் தூங்குவதாக நம்பி.

எனக்கு ஆறு மணி போதும்.
இருவருக்கும் ஒரே திஹுவானா, ஒரே தெரு, ஒரே எல்லை.
அவன் சான் டியேகோவில் குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறான்.
நான் சூலா விஸ்டாவில்
சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தைக்
கழுவித் திருப்பித் தருகிறேன்.
நடுவில் ஓர் அட்டை.
நம்பகமான பயணி என்று அதில் என் முகம்.

அதற்காகப்
பத்து விரலையும் கண்ணாடிமேல் வைத்தேன்.
எங்கெங்கே குடியிருந்தேன்,
யார் யாரிடம் சம்பளம் வாங்கினேன்,
எல்லாம் எழுதிக் கொடுத்தேன்.
அவனும்தான் வைத்தான், அவனும்தான் எழுதினான்.
பத்தொன்பது வயதில்
காசு கொடுக்காமல் தூக்கிவந்த கார் ரேடியோ
இருபத்திரண்டு வருடம் கழித்து
அவர்கள் கணினியில் பாடியது.

மூன்று வரியில் கடிதம் வந்தது.
அதை மடித்து
ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் வைத்தான்.
இப்போது மேசை ஆடுவதில்லை.

கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன்.
நாளுக்கு இரண்டரை மணி நேரம் மிச்சம்.
பெட்ரோல் மிச்சம்.
காரிலேயே அடக்கிக்கொண்டு உட்கார்ந்த வருடங்களில்
வந்து வந்து போன நீர்க்கடுப்பு
இப்போது வருவதில்லை.
டோன்யா ரெஃபூஹியோவின் ஊசி ஏழரைக்குத் தயார்,
அவள் என்னைத் திட்டக் காரணமே கிடைப்பதில்லை.
இதெல்லாம் அற்பம் என்பவர்கள்
அந்த வரிசையில் நின்றதில்லை.

மறுபக்கம் எழுத ஒரு வரிதான்:
என் பக்கத்து இருக்கையில்
என் புருஷன் உட்காரக்கூடாது.

அப்புறம் அந்தக் கமலாப் பழம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
இருக்கைக்கு அடியில் உருண்டு கிடந்ததை
அதிகாரி டார்ச்சோடு குனிந்து எடுத்தார்.
தோலில் பேனாவால் வரைந்த சிரிப்பு முகம்.
இரவே காரில் வைத்திருக்கிறான்,
காலையில் சொல்லிக் கொடுக்க
நாங்கள் ஒன்றாக விழித்திருப்பதில்லையே.
'உங்களுடையதா?'
'தெரியாது' என்றேன்.
அந்தச் சிரிப்பை வரைந்த கையைத்
தெரியாது என்றேன்.
பழத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தார்.
இம்முறை எச்சரிக்கை,
மறுமுறை அட்டை இருக்காது.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயமாம்.
என் மடி காலி.
அட்டைதான் கனம்.

அன்றிலிருந்து
காலைதோறும் என் காரை நானே சோதிக்கிறேன்.
மிதியடியைத் தூக்கி,
கதவு இடுக்கில் விரல் விட்டு,
டிக்கியைத் திறந்து முகர்ந்து.
அந்த அதிகாரிக்கு என் வீட்டு வாசலில்
சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறேன்.
முந்தாநாள்
அவன் துவைக்கப் போட்ட சட்டையிலும் துழாவினேன்.
அது கார் இல்லை என்பது
மணிக்கட்டுவரை கை போனபின்தான் உறைத்தது.
ஒரு பென்சில் துண்டு இருந்தது,
ஓட்டுத்தூள் இருந்தது.

ஆறேமுக்காலுக்கு விரைவுத் தடத்தில் ஏறுகிறேன்.
இங்கே சுர்ரோ விற்பவன் வருவதில்லை.
ஒன்பது நிமிடத்தில் யாருக்கும் பசிக்காது.
சில நாள்
தடுப்புக்கு அப்பால் அவன் வெள்ளை வேன் தெரியும்,
ஓடு அறுக்கும் இயந்திரத்தின் பாரத்தில்
பின்பக்கம் தாழ்ந்து,
விடியலிலிருந்து நகராத மாதிரி.

இன்றைக்கு ஃபோன் அடித்தது.
'உன் இடது கண்ணாடி அழுக்கு, துடை' என்றான்.
பிறகு,
'பர்ரிட்டோ வாங்கினேன், சூடு. பாதி தரட்டுமா?'

நடுவில் கான்கிரீட், இடுப்பளவு உயரம்.
அவன் எட்டி நீட்டினால்
என் கைக்கு வந்துவிடும்.

'வேண்டாம்' என்றேன்,
கேமரா இருந்த பக்கம் பார்த்து.